ஆளில்லாத மைதானத்தில் கேட்ட சத்தம்

தஸ்லீமுக்குத் தன்னுடைய பெயரைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். மற்றச் சொற்கள் வாயில் ஒட்டிக்கொண்டால் பக்கத்தில் வேறொரு சொல்லைத் தேடிப் பிடித்துவிடலாம். 'பேனை' வராவிட்டால் 'எழுதுறது' என்று சொல்லிச் சமாளிக்கலாம். பெயருக்கு அப்படி மாற்றுக் கிடையாது. 'த'விலேயே நாக்கு நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும். எதிரே நிற்பவர் மெதுவாகக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். இலங்கையின் கிழக்குக் கரைச் சாய்ந்தமருதில் அவனோடு படித்த பையன்கள் கொன்னையன் என்று கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான்.

பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு இருந்தும் அவன் கடற்கரைப் பக்கம் இருந்த ஐஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். முதலாளிக்கே அது ஆச்சரியம். காரணத்தை அவன் யாருக்கும் சொல்லவில்லை. அங்கே ஐஸ் உடைக்கிற இயந்திரம் காலை நான்கு மணிக்கு ஓடத் தொடங்கினால் பத்து மணிவரை நிற்காது. அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் கதைப்பதில்லை. இரண்டு விரலைக் காட்டினால் இரண்டு கட்டி, கையை விரித்தால் ஐந்து. வாய் தேவைப்படாத வேலை அது. கொக்கியால் இழுத்து, வழுக்கி வருகிற கட்டியை நெஞ்சோடு அணைத்து வண்டியில் ஏற்றி ஏற்றி அவனுடைய கைகள் உரமேறின. அந்தக் கைகளைப் பார்த்துத்தான் ஊர் உதைபந்தாட்டக் கழகம் அவனைக் கோல்கீப்பராக நிறுத்தியது. வந்த பந்து அவன் கையில் ஒட்டிக்கொண்டது போல நிற்கும். நிந்தவூரிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் ஆட வந்தவர்கள்கூட அவனைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு ஜனவரியில் ஓர் அரையிறுதி ஆட்டம். கடைசி நிமிடங்களில் எதிரணிக்கு ஒரு கோர்னர் அடி கிடைத்தது. பந்து உயர்ந்து வளைந்து வந்தது. அது தன்னுடைய பந்து என்று தஸ்லீமுக்குத் தெரிந்தது. முன்னே பாய்ந்தான். அதே பந்தைத் தலையால் அடிக்க அணித்தலைவன் றிம்சானும் பின்பக்கமாக ஓடிவந்துகொண்டிருந்தான். இப்படியான நேரத்தில் எந்தக் கோல்கீப்பரும் 'கீப்பர்' என்று கத்துவான், கேட்டவன் விலகிவிடுவான். தஸ்லீமின் வாயிலிருந்து 'க்' மட்டும்தான் வந்தது. மிச்சம் வருவதற்குள் அவனுடைய முழங்கால் றிம்சானின் தோளில் இடித்தது. பந்து இருவருக்கும் நடுவே விழுந்து கோலுக்குள் உருண்டது.

றிம்சானின் காறை எலும்பு முறிந்திருந்தது. முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் அவன். ஆறு கிழமை கையைத் தூக்க முடியவில்லை. தஸ்லீம் இரண்டு தடவை அவனைப் பார்க்கப் போனான். இரண்டு தடவையும் வீட்டு வாசலில் நின்று, சொல்ல நினைத்த மன்னிப்பு வெளியே வராமல் திரும்பி வந்தான். கழகம் கூடி, இனிமேல் மாற்றுக் கோல்கீப்பர் சியாம் கோலில் நிற்கட்டும் என்று முடிவு செய்தது. அதில் பிழையில்லை என்று தஸ்லீமே நினைத்தான்.

பிறகு மார்ச் மாதம் வந்தது. கொரோனாவுக்காக ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். ஆட்டம் மட்டுமல்ல, எல்லாமே நின்றது.

அப்போது அவன் சுல்பிகாவைக் கல்யாணம் முடித்து எட்டு மாதம். இந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டில்தான் குடியிருந்தான். மாமனார் கட்டாரில் வேலை. வர வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் சுல்பிகா, அவளுடைய உம்மா, தங்கை பஸ்னா, இவன். எட்டு மாதத்தில் மாமியிடம் அவன் முழுதாகச் சொன்ன வசனங்களை விரல்விட்டு எண்ணலாம். மாமியும் அவனிடம் நேரே கேட்கமாட்டார். மகளிடம் கேட்பார், அவள் அவனிடம் கேட்பாள், அவன் தலையை ஆட்டுவான்.

நோன்பு வந்தபோது பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன. தராவீஹ் என்கிற நோன்புகால இரவுத் தொழுகையை அவரவர் வீட்டிலேயே தொழச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீட்டில் ஆண் என்றால் அவன் ஒருவன்தான். மாமி வழக்கம்போல மகளைப் பார்த்து, மருமகன் முன்னுக்கு நின்று தொழுவிப்பார்தானே என்றார். மூன்று பெண்கள் பின்னால் நிற்க, சத்தமாக ஓத வேண்டும். முதல் இரவு தக்பீர் கட்டுமுன் விரிப்பை இரண்டு தடவை சரிசெய்தான். ஆனால் ஓதத் தொடங்கியதும் ஓரிடத்திலும் நிற்கவில்லை. நீட்ட வேண்டிய இடத்தில் நீண்டது, நிறுத்த வேண்டிய இடத்தில் நின்றது. சின்ன வயதில் மதரசாவிலும் அப்படித்தான். ஓதும்போது மட்டும் அவனுக்குக் கொன்னை வருவதில்லை. அல்லாஹ்வின் வார்த்தை, அதனால் வருவதில்லை என்று அவனுடைய உம்மா சொல்வார். அதற்கு மேல் அவன் யோசித்ததில்லை.

நோன்பின் கடைசிப் பத்தில் ஒரு சனிக்கிழமை. ஜெர்மனியில் உதைபந்தாட்டத்தைத் திரும்பத் தொடங்குகிறார்கள், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல் ஆடப்போகிறார்கள் என்று பஸ்னா தொலைபேசியில் பார்த்துச் சொன்னாள். நம் நேரத்துக்கு மாலை ஏழு மணி. நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிப் தொழுதுவிட்டு அவன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தான். இரண்டு மாதமாகப் பந்தையே காணாத கண்.

முதலில் அவனுக்கு அது ஆட்டமாகவே தெரியவில்லை. எண்பதினாயிரம் பேர் இருக்கக்கூடிய மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. கதிரைகள் வரிசை வரிசையாக மேலே ஏறிப் போயின. மாற்று ஆட்டக்காரர்கள் முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். விசில் ஊதியதும் பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. உண்மையான, தோலில் சப்பாத்துப் படுகிற சத்தம். சாய்ந்தமருதுக் கடற்கரையில் கேட்கிற அதே சத்தம். அதைத் தொடர்ந்து மனிதக் குரல்கள்.

குசினியிலிருந்து மாமி வெளியே வந்தார். வழக்கத்துக்கு மாறாக அவனிடம் நேரடியாகவே கேட்டார்.

"ஆரு மகன் றோட்டுல கத்துற? ஊரடங்குதானே?"

அவன் டிவியைக் கையால் காட்டினான். மாமி நம்பாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். உதைபந்து பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும், அல்லது அதனால்தான், யாரும் பார்க்காத ஒன்றை அவர் பார்த்தார்.

"அந்தப் பச்சச் சட்டக்காரன் ஏன் நிண்ட இடத்துல நிண்டு கத்திட்டே இரிக்கான்? பந்து அங்கால கிடக்குதே."

பச்சைச் சட்டைக்காரன் கோல்கீப்பர்.

மாமி குசினிக்குத் திரும்பிவிட்டார். தஸ்லீம் அதற்குப் பிறகு பந்தைப் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டான். பத்து வருடமாக டிவியில் எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறான். கோல்கீப்பர்கள் வாயை அசைப்பதைக் கண்டிருக்கிறான். ஆனால் சனங்களின் ஆரவாரத்துக்கு அடியில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை ஒருநாளும் கேட்டதில்லை. அடிக்கு அடி கத்துகிறார்கள் என்பது அவனுக்கு இன்றுதான் தெரியும். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதும் அந்த ஆள் தன்னுடைய பின்வரிசையை நகர்த்திக்கொண்டே இருந்தான். ஒரு சத்தம் போட்டால் நால்வரும் மேலே ஏறினார்கள். இன்னொரு சத்தத்துக்கு ஒருவன் இடப்பக்கம் போனான். என்ன பாஷை, என்ன சொல் என்று தஸ்லீமுக்கு விளங்கவில்லை. விளங்காததால் சொல்லை விட்டுவிட்டு நேரத்தைக் கவனித்தான்.

அப்போதுதான் அது பிடிபட்டது. கோல்கீப்பரின் குரல் பந்துக்குப் பிறகு வரவில்லை. பந்துக்கு முன்னால் வந்தது. எதிரணிக்காரன் காலைத் தூக்கும்போதே, பந்து எங்கே விழும் என்று தெரியுமுன்பே அவன் கத்திவிட்டான். தஸ்லீம் எப்போதும் கடைசி நொடிவரை காத்திருப்பான். கதைக்காமல் தப்ப முடியுமா என்று பார்ப்பான். தப்ப முடியாது என்று தெரியும்போது அவசரப்படுவான், அவசரப்படும்போது ஒட்டிக்கொள்ளும்.

இடைவேளை விட்டபோது இரவு இஷாத் தொழுகையின் நேரம் வந்திருந்தது. பின்பாதியையும் பார்த்துவிட்டுத் தொழலாமே என்று சுல்பிகா சொன்னாள். அவன் டிவியை நிறுத்திவிட்டு, முகம் கைகால் கழுவி வுழூ செய்யப் போனான். அன்று ஓதும்போது தன் குரலைத் தானே கேட்டான். ஒவ்வொரு வசனத்தையும் தொடங்குமுன் மூச்சு முழுதாக உள்ளே போயிருந்தது. முதல் எழுத்து மெதுவாக, நீளமாக வெளியே வந்தது. அவசரம் என்பது அதில் எங்குமே இல்லை. தொழுது முடித்து ஸலாம் கொடுத்த பிறகும் அவன் விரிப்பிலேயே இருந்து, அதே மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தான்.

அடுத்த கிழமைகளில் அவன் அந்த ஆளில்லா ஆட்டங்களில் கிடைத்ததையெல்லாம் பார்த்தான். படத்தை விட்டுவிட்டு, பஸ்னாவின் இயர்போனைக் காதில் செருகிச் சத்தத்தை மட்டும் கேட்ட நாட்களும் உண்டு. பிறகு ஓர் அப்பியாசக் கொப்பியில் கோல்கீப்பருக்கு என்னென்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று எழுதினான். எழுதிய ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். க, ப, த என்று தொடங்குகிற சொற்களை வெட்டினான். 'கீப்பர்' போனது. 'பின்னால', 'தள்ளு' போயின. கடைசியில் ஏழு சொல் மிஞ்சியது: எனக்கு, விடு, ஏறு, இறங்கு, ஆள், வலம், இடம். எல்லாம் வாயைத் திறந்தவுடன் நீட்டக்கூடியவை.

வீட்டில் கத்திப் பழக முடியாது. அதற்கு அவனிடம் இடமிருந்தது. ஊரடங்கைத் தளர்த்திப் படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதும் ஐஸ் இயந்திரமும் ஓடியது. அந்த இரைச்சலுக்கு நடுவே, கட்டியைக் கொக்கியால் இழுத்தபடி, அவன் ஏழு சொல்லையும் மாறி மாறிக் கத்தினான். பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்காது. முதல் மாதம் பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டது. சில நாட்களில் ஏழும் ஒட்டியது. வாய்க்குள் இரத்தம் வருமளவு நாக்கைக் கடித்துக்கொண்டான். மறுநாள் நான்கு மணிக்குத் திரும்பவும் 'எனக்கு'வில் தொடங்கினான். தொண்டை கட்டினால் சுல்பிகா மல்லித்தண்ணீர் வைத்துக் கொடுப்பாள். எதற்குத் தொண்டை கட்டுகிறது என்று அவள் கேட்கவில்லை. அவனுடைய கொப்பியை அவள் பார்த்திருந்தாள்.

ஜூலை மாதம் ஒரு பின்னேரம் அவன் றிம்சானின் வீட்டுக்குப் போனான். இந்த முறை வாசலில் நின்று திரும்பவில்லை. முதலில் மன்னிப்பைச் சொன்னான். அது வெளியே வர நேரமெடுத்தது. றிம்சான் இடையில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தஸ்லீம், தான் கழகத்துக்குத் திரும்ப வர விரும்புவதாகச் சொன்னான்.

"நீ பந்தப் பிடிப்பாய் மச்சான், அது எனக்குத் தெரியும்," என்றான் றிம்சான். "ஆனா நீ வாறாய் எண்டு எனக்கு எப்படித் தெரியிற? எண்ட மத்தத் தோளும் போனா வண்டி ஆரு ஓட்டுற?"

"ப...ப...பத்துப் பந்து. கடற்கரையில. அதுக்குப் பிறகு நீ வேணாம் எண்டா நான் கேக்கமாட்டன்."

மறுநாள் கடற்கரையில் ஆறேழு பேர் கூடினார்கள். கச்சான் காற்று பலமாக அடித்தது, அலை இரைந்தது. றிம்சான் கோலுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றான். முதல் பந்து மேலே எழுந்தது. உதைத்தவனின் கால் மண்ணில் இறங்குமுன்பே தஸ்லீமின் குரல் எழுந்தது.

"எனக்கூஊஊ..."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மீன் விற்கிறவன் போல இழுக்கிறான் என்று ஒருவன் சொன்னான். தஸ்லீம் பந்தைப் பிடித்துத் திரும்ப உருட்டிவிட்டான். இரண்டாவது பந்துக்கும் அதே மாதிரி. ஐந்தாவது பந்தில் சிரிப்பு நின்றது. பத்தில் எட்டுக்குக் குரல் சரியாக வந்தது. ஒன்றில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றில் வந்தது, ஆனால் பிந்தி வந்தது. தஸ்லீம் தன் கொப்பியைக் காட்டினான். றிம்சான் மண்ணைத் தட்டிக்கொண்டு, அதிலிருந்த ஏழு சொல்லையும் பின்வரிசைக்காரர் எல்லாருக்கும் எழுதிக் கொடுக்கச் சொன்னான்.

செப்டம்பர் கடைசியில் நிந்தவூரில், பாதிக்கு அரை மணித்தியாலம் என்று ஒரு சுற்றுப்போட்டி தொடங்கியது. இங்கே ஆளில்லா மைதானம் இல்லை. சனம் கோட்டுக்குப் பக்கத்திலேயே நெருக்கிக்கொண்டு நின்றது. கோலுக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தஸ்லீமைத் தெரியும். அவன் ஒவ்வொரு முறை கத்தும்போதும் அவர்களும் சேர்ந்து இழுத்தார்கள். அவன் விடாமல் கத்தினான். இருபதாவது நிமிடத்தில் வலப்பக்கத்திலிருந்து ஒரு பந்து தாழ்வாக, வேகமாக வந்தது. கத்த நேரமிருந்தது. ஆனால் பின்னாலிருந்து வந்த நக்கலில் மூச்சை எடுக்க மறந்து அவசரப்பட்டான். 'எ' வந்தது. மிச்சம் வரவில்லை. றிம்சான் பந்தை அடிக்கவுமில்லை, விலகவுமில்லை. நட்டது போல நின்றான். எதிரணிக்காரன் ஓடிவந்து தட்டிவிட்டான். கோல்.

இடைவேளையில் கழகச் செயலாளர் சியாமைச் சூடேற்றச் சொன்னார். சியாம் கையுறையை எடுத்து மாட்டத் தொடங்கினான். தஸ்லீம் எழுந்து நின்றான். எல்லாரும் பார்த்தார்கள். கழுத்து புடைத்தது. அவன் கண்ணை மூடவில்லை, வேறு சொல்லும் தேடவில்லை.

"நா...நான் வெளிய போகமாட்டன். இன்னும் அ...அரை மணித்தியாலம் இரிக்கி."

செயலாளர் றிம்சானைப் பார்த்தார். றிம்சான் தன் தோளைத் தடவிக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கேட்டிச்சு," என்றான் அவன். "'எ' எண்டு துவங்கினது கேட்டிச்சு. என்ன சொல்லப் போறான் எண்டும் தெரியும். இந்தத் தோளுக்குப் பயந்து கால் நிண்டிட்டு. பிழை எண்டா ரெண்டு பேர்ட பிழை. அவன் நிக்கட்டும்."

சியாம் கையுறையைக் கழற்றித் தஸ்லீமின் பக்கத்தில் வைத்தான்; ஈரமில்லாத கையுறை, நல்லாகப் பிடிக்கும் என்றான்.

பின்பாதியில் சனம் இன்னும் பலமாக இழுத்தது. தஸ்லீம் அதற்குள்ளே தன் மூச்சைத் தேடினான். ஏறு என்றான், ஏறினார்கள். ஆள் என்றான், திரும்பினார்கள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு கோர்னர் அடி. ஜனவரியில் வந்தது போலவே உயர்ந்து வளைந்து வந்த பந்து. அடிக்கிறவன் இரண்டடி பின்னால் வைத்தபோதே தஸ்லீம் மூச்சை இழுத்தான். அவன் குரல் கோலுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரின் சத்தத்துக்கும் மேலாக ஒரே இழுப்பில் போனது. றிம்சான் தலையைக் குனிந்து தரையில் உட்கார்ந்தே விட்டான். அவனுக்கு மேலாகப் பாய்ந்து தஸ்லீம் பந்தை இரண்டு கையாலும் பிடித்தான். அங்கிருந்தே நீட்டி எறிந்தான். நான்கு உதையில் அது அந்தப் பக்கத்துக் கோலுக்குள் போனது.

ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் முடிந்தது. வெற்றியில்லை. அந்தப் போட்டியும் முடிவு காணவில்லை. ஒக்டோபரில் நோய் திரும்பப் பரவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கழகத்தின் கோலில் வேறு யாரும் நின்றதில்லை.

தஸ்லீமுக்குக் கொன்னை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். போகவில்லை. கடையில், வங்கியில், தொலைபேசியில் இன்றும் ஒட்டிக்கொள்கிறது. மாறியது ஒன்றுதான்: அவன் இப்போது மாற்றுச் சொல் தேடுவதில்லை. தொடங்கிய சொல்லை முடிக்கும்வரை நிற்கிறான். கேட்கிறவர் கண்ணைத் திருப்பினாலும் நிற்கிறான். வீட்டில் மாமி அவனிடம் நேரேயே கதைக்கிறார். பதில் வரத் தாமதமானால் தேங்காய் துருவிக்கொண்டே காத்திருக்கிறார்.

போன வருடம் றிம்சான் சவூதிக்குப் போனான். போகுமுன் கூட்டத்தில் அணித்தலைவர் பதவிக்குத் தஸ்லீமின் பெயரைச் சொன்னான். அணித்தலைவர் நடுவரோடு கதைக்க வேண்டுமே என்று இரண்டு பேர் தயங்கினார்கள். நான் கதைப்பேன் என்று தஸ்லீம் சொன்னான். அதைச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. முடித்த பிறகு யாரும் எதிர்க்கவில்லை.

தலைவனாக அவன் இறங்கிய முதல் ஆட்டம் மருதமுனையில். நடுவர் பொத்துவிலிலிருந்து வந்தவர், அவனைத் தெரியாது. தலையா பூவா என்று கேட்டு நாணயத்தைச் சுண்டினார். தஸ்லீம் 'த' என்று தொடங்குவதற்குள் அது மண்ணில் விழுந்துவிட்டது. நடுவர் குனிந்து எடுத்துத் திரும்பவும் சுண்டினார். திரும்பவும் அப்படியே. பூ என்று சொல்லியிருக்கலாம். 'த'வைவிடக் கொஞ்சம் இலகுவாக வந்திருக்கும். நடுவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, "கையால காட்டுங்க தம்பி, அது போதும்," என்றார்.

தஸ்லீம் தலையை அசைத்து மறுத்தான்.

"இல்ல சேர். நான் சொல்றன். நீ...நீங்க திரும்பப் போடுங்க."

எதிரணித் தலைவன் பொறுமையாகக் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினான். மூன்றாவது முறை நாணயம் எழுந்தது. தஸ்லீம் அது எழுமுன்பே மூச்சை இழுத்திருந்தான்.

"தலை," என்றான்.

விழுந்தது பூ. எதிரணி ஊர்ப்பக்கத்துக் கோலைக் கேட்டு எடுத்துக்கொண்டது. தஸ்லீம் நடுவருக்குக் கைகொடுத்துவிட்டு, பின்னேர வெயில் நேரே முகத்தில் அடிக்கிற கோலுக்கு நடந்துபோய்த் தன் ஆட்களை ஏறச் சொல்லிக் கத்தினான்.